குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் தடை, ரத்த ரிப்போர்ட்: உங்கள் அனுபவம் என்ன?

ஆற்காட்டிலிருந்து:
என் வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. குறட்டை நடுவில் அப்படியே நின்றுவிடும், அப்புறம் திணறிக்கொண்டு எழுவார், பகலில் பைக் ஓட்டும்போதே கண் சொருகும். கம்பெனி செக்கப்பில் ஹீமோகுளோபின் 17.8, வழக்கத்தைவிட அதிகம். நல்ல ரத்தம் ஓடுது என்று மாமியார் சந்தோஷப்பட்டார்! டாக்டர் மட்டும் சிகரெட் உண்டா என்று கேட்டு, இல்லை என்றதும் தூக்கத்தைப் பற்றி விசாரித்தார். இரவில் ஆக்சிஜன் திரும்பத் திரும்ப இறங்கும்போது சிறுநீரகம் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து சிவப்பணுக்களைப் பெருக்கலாமாம். ரத்தத்தில் பைகார்பனேட் என்ற உப்பும் 29 இருந்தது. உடம்பு கனமானவர்களுக்கு அது 27-ஐத் தாண்டினால் கரியமில வாயு தேங்குகிறதா என்று பார்ப்பார்களாம். தூக்கப் பரிசோதனையில் ஏஹெச்ஐ 46, அதாவது மணிக்கு சராசரியாக அத்தனை முறை மூச்சு நின்றோ குறைந்தோ போகிறது. 30-க்கு மேல் போனாலே தீவிரம்.

காட்பாடியிலிருந்து:
எனக்கு நேர் எதிர். ஹீமோகுளோபின் 14, சிஆர்பி லேசாகக் கூடுதல், வேறொன்றும் இல்லை. ஆனால் ஏஹெச்ஐ 38. சிஆர்பி உடம்பில் அழற்சியைக் காட்டுவது, மூச்சுத் தடை கடுமையானவர்களிடம் சராசரியில் அதிகம் இருக்கும் என்பது சரிதான், ஆனால் தொப்பை, ஈறு வீக்கம், சளிக்காய்ச்சல் எதுவந்தாலும் அது ஏறுமே. என் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்திருந்தால் வீட்டுக்குப் போங்க என்றுதான் சொல்லியிருப்பார்கள், மனைவி விடாப்பிடியாகக் குறட்டையைச் செல்போனில் பதிவு செய்து காட்டியதால்தான் டெஸ்டுக்கே எழுதிக் கொடுத்தார்கள்.

குடியாத்தத்திலிருந்து:
இங்கே ஒரு லேபில் 'தூக்க நோய் பேக்கேஜ்' என்று நீளமான ரத்தப் பட்டியலை நீட்டினார்கள், ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வரைக்கும். எந்த அளவு தீவிரம் என்று அதிலேயே தெரிந்துவிடும் என்றார்கள், எனக்குக் கோபம்தான் வந்தது. ரத்தத்தில் அப்படித் தீர்மானிக்கிற டெஸ்டு எதுவும் நடைமுறையில் இல்லை, இரவில் சென்சார் மாட்டிப் படுத்தால்தான் தெரியும். தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் டெஸ்டு கேட்டால் அர்த்தம் உண்டு, தைராய்டு குறைவாலும் மூச்சுத் தடை வரும். மூன்று மாதச் சர்க்கரையையும் பார்க்கலாம், சர்க்கரை நோயும் மூச்சுத் தடையும் சேர்ந்தே வருவது சகஜம். மற்றதற்கெல்லாம் கொடுக்கிற காசைத் தூக்கப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்காட்டிலிருந்து:
நீங்கள் சொல்வது சரி. என் வீட்டுக்காரர் இப்போது சிபாப் (மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் கருவி) மாட்டித்தான் தூங்குகிறார், பகல் தூக்கம் போயிடுச்சு. ஹீமோகுளோபினை மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், ரிப்போர்ட் வந்ததும் போடுகிறேன்.