வகுப்பு முடிந்ததும் சொந்தப் படத்துக்குக் கை வருவதில்லை, உங்களுக்கு எப்படி?

பென்சில்சீவல் | கும்பகோணம்

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வந்து படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவள் நான். போன ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

வயது 39. எங்கள் ஊர் அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தேன். ஒரு பள்ளியில் வாரத்துக்கு மூன்று அரை நாள் ஓவிய ஆசிரியை. அந்தச் சம்பளத்தில் குடும்பம் ஓடாது என்பதால் சாயங்காலம் ஐந்தரை முதல் ஏழரை வரை வீட்டு மாடியில் வகுப்பு. இருபத்திரண்டு பிள்ளைகள், தலைக்கு 600 ரூபாய். சனிக்கிழமைகளில் அரசு ஓவியத் தேர்வில் லோயர், ஹையர் எழுதப்போகிற பெரிய பிள்ளைகள் ஐந்து பேர் வருவார்கள். அவர்களுக்கு ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங்.

காலை ஐந்து முதல் ஆறு வரை என்னுடைய நேரம் என்று கல்யாணமான புதிதிலேயே வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். மாமியார்கூட அந்த நேரத்தில் கூப்பிட மாட்டார். அந்த ஒரு மணி நேரம் இப்போது எங்கே போகிறது தெரியுமா? மாலை வகுப்புக்கு அவுட்லைன் போடுவதில். வாராவாரம் வீட்டுக்கு ஒரு முழுப் படம் போக வேண்டும், அப்போதுதான் பெற்றோருக்குத் திருப்தி. ஒரு தடவை தக்காளியை முன்னால் வைத்து, பார்த்து வரையச் சொன்னேன். வார முடிவில் ஒரு அம்மா வந்து, "என்ன மிஸ், வாரம் முழுக்க ஒரே ஒரு தக்காளிதானா?" என்று கேட்டார். அடுத்த வாரமே இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, தென்னைமரம் என்று பழைய பாதைக்குத் திரும்பிவிட்டேன். பிள்ளைகள் பாதியில் விட்டுப்போனதை ஏழரைக்கு மேல் நானே உட்கார்ந்து டச்சப் செய்கிறேன். இருபத்திரண்டு சூரியன்.

சரி, போன ஞாயிறு. விடிந்ததும் பிடிவாதமாக ஸ்கெட்ச் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மகாமகக் குளத்துக்குப் போனேன். (புத்தகத்தில் கடைசியாக இருந்த தேதி ஏழு மாதம் பழையது.) குளத்தைச் சுற்றிப் பதினாறு மண்டபங்கள். படிக்கிற காலத்தில் எதை எத்தனை தடவை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. தென்கரைப் படியில் உட்கார்ந்து எதிர்க்கரை மண்டபம் ஒன்றைப் பிடித்தேன். கை சரளமாக ஓடியது. கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் வெயில் வலதுபக்கத் தூண்களில் விழுந்துகொண்டிருக்கிறது. என் தாளிலோ இடதுபக்கத் தூண்கள் வெளிச்சமாக, வலதுபக்கம் இருட்டாக இருக்கின்றன.

கரும்பலகையில் இடது மேல் மூலையில் ஒரு சூரியனைப் போட்டுவிட்டுத்தான் எப்போதும் நிழல் சொல்லிக்கொடுப்பேன். பதிமூன்று வருடமாக அப்படித்தான். கை அதையே வரைந்திருக்கிறது. எதிரில் இருந்த மண்டபத்தை நான் பார்க்கவே இல்லை.

சொல்லிக்கொடுத்துக்கொண்டே வரைகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் கையை எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள்? மாலை வகுப்பை விட்டுவிடு என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். மாதம் 13,200 ரூபாய்.

மக்குவேலை | தஞ்சாவூர்

அம்மா, இடது மூலைச் சூரியனைப் படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தப்பைத் தானே கண்டுபிடித்தீர்களே, அதுவே பெரிசு.

எனக்கு 61. தஞ்சாவூர்ப் படம் செய்கிறேன். பெரியப்பாவிடம் பதினாலு வயதில் போய்ச் சேர்ந்தேன். முதல் வருடம் முழுக்கப் பலகைதான். துணியை ஒட்டு, சாக்பவுடரும் கோந்தும் கலந்து பூசு, காயட்டும், உப்புத்தாள் போட்டுத் தேய், மறுபடி பூசு. பிரஷ்ஷைத் தொட்டது இரண்டாம் வருடம். இப்போது என்னிடம் வருகிறவர்கள் ஐந்து நாள் லீவு போட்டுவிட்டு வருகிறார்கள், ஐந்தாம் நாள் சாயங்காலம் கிருஷ்ணரோடு ரயில் ஏற வேண்டும். பலகையை நானே தயாராக வைத்திருப்பேன், மக்கும் (படத்தில் மேடாக எழுப்புகிற சாக்பவுடர்-கோந்துக் கலவை) நானே கலந்து கொடுப்பேன். குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் கொடுக்கிற பணத்தில்தான் என் படத்துக்குத் தங்க ரேக்கு, அதாவது ஒட்டுகிற மெல்லிய தங்கத் தகடு, வாங்குகிறேன்.

என் நாளை மணி பார்த்துப் பிரிப்பதில்லை, காய்கிறதை வைத்துப் பிரிக்கிறேன். காலையில் என் பலகையில் மக்கு ஏற்றிவிட்டால் காய்கிற வரை அதைத் தொட முடியாது. அந்த நேரம் மாணவர்களுக்கு. அவர்கள் கல் ஒட்டிக்கொண்டு இருக்கும்போது என்னுடையது தயாராகியிருக்கும். ஐப்பசி அடைமழையில் எதுவுமே சீக்கிரம் காயாது, அப்போது பேச்சுதான் அதிகம். ரேக்கு ஒட்டுகிற அன்று ஃபேன் போட மாட்டோம், பறந்துவிடும். சித்திரை வெயிலில் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிற பையன் நிஜமாகவே கற்றுக்கொள்ள வந்தவன் என்று தெரிந்துகொள்வேன். முகம் மட்டும் விடிகாலையில், யாரும் வருவதற்கு முன்னால். கண் எழுதும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் எனக்கு வராது.

நீங்கள் வாட்டர்கலர்காரர் என்று நினைக்கிறேன். அதிலும் முதல் வாஷ், தண்ணீராகக் கரைத்துப் போடுகிற முதல் பூச்சு, காய்கிற நேரம் உண்டே. பிள்ளைகள் வருவதற்குக் கால் மணி முன்னால் ஒரு வாஷ் போட்டு ஓரமாக வைத்துவிடுங்கள். ஏழரை மணிக்கு வெள்ளைத் தாள் முன்னால் உட்காருவதுதான் கஷ்டம். பாதி போட்டது என்றால் உட்கார்ந்துவிடலாம்.

அப்புறம், 'சொந்தப் படம்' என்று நீங்கள் சொல்வது எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. வெண்ணெய்க் கிருஷ்ணனை நான் முந்நூறு தடவையாவது செய்திருப்பேன். எல்லாம் ஒரே அமைப்புதான். ஆனால் அந்த மடித்த முழங்காலின் வளைவு இன்னும் எனக்கு அடங்கவில்லை. அதனால், ஒன்றையே திரும்பத் திரும்பப் போட்டதால் கை கெட்டது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த டச்சப் விஷயம். எங்கள் பெரிய கோயில் உள்சுற்றில் சோழர் ஓவியத்துக்கு மேலேயே நாயக்கர் காலத்தில் பூசி வேறு படம் எழுதிவிட்டார்கள். 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிக்கும்வரை அடியில் ஒன்று இருப்பது வெளியே தெரியவில்லை. பிள்ளைகள் படத்தின்மேல் நீங்கள் செய்வது நாயக்கர் பூச்சு. அடியில் அந்தப் பிள்ளை என்ன போட்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்?

கரிக்கோடு | சென்னை

நாயக்கர் பூச்சு! ஐயா, இதை நான் இனி எல்லா இடத்திலும் சொல்லப்போகிறேன்.

மேடம், நான் நேராகவே சொல்கிறேன். பத்திரிகைகளுக்குப் படம் போட்டுப் பிழைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஒரு அபார்ட்மெண்ட் மொட்டைமாடியில் வகுப்பு எடுக்கிறேன். உங்கள் சிக்கல் வகுப்பில் இல்லை, காலை ஐந்து மணியில் இருக்கிறது. வீட்டோடு சண்டை போட்டு வாங்கிய ஒரு மணி நேரத்தை நீங்களே தூக்கி வகுப்புக்குக் கொடுத்துவிட்டீர்கள். அவுட்லைன் வேண்டும் என்றால் ஒன்று போட்டு ஜெராக்ஸ் எடுங்கள். பக்கம் இரண்டு ரூபாய் என்றாலும் 44 ரூபாய்.

கே.சி.எஸ். பணிக்கர் 1957இலிருந்து பத்து வருடம் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். அந்தப் பொறுப்பில் இருக்கும்போதுதான் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்கிற ஓவியர் கிராமம் தொடங்கியது. அங்கே போனவர்கள் பத்திக் (மெழுகு பூசிச் சாயமிடுகிற) துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள், சாப்பிட்டார்கள். வயிற்றுக்குச் செய்கிற வேலையைப் பற்றி நமக்குக் குற்ற உணர்ச்சியே வேண்டாம். அது நம் நேரத்துக்குள் நுழையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கைக்கு ஒரு பயிற்சி: தாளைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்த்து, பென்சிலை எடுக்காமல் ஐந்து நிமிடம் ஒரே கோடு. அசிங்கமாகத்தான் வரும். ஆனால் கைக்குத் தெரிந்த வித்தை எதுவும் அங்கே செல்லாது. பதினைந்து நாள் செய்து பாருங்கள்.

ஐயா சொன்ன வாஷ் யோசனைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இருபத்திரண்டு பிள்ளைகள் ஓடுகிற மாடியில் ஈரத் தாளை ஓரமாக வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு அனுபவம் உண்டு. நல்ல கனமான 300 ஜிஎஸ்எம் தாள், நடுவில் ஒரு எல்கேஜி பாதம்.

சித்திரப்பாடம் | யாழ்ப்பாணம்

அக்கா, நான் இங்கே பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். ஓ.எல். (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை) வகுப்புகள்.

முந்தி நானும் பலகையில் முழுதாகக் கீறிக் காட்டுவேன். பிறகு கொப்பிகளை வாங்கிப் பார்த்தால் முப்பத்தாறிலும் என்ரை பூச்சாடிதான். சில பிள்ளைகள் நான் விட்ட பிழையையும் சேர்த்துக் கீறியிருப்பார்கள். இப்போது பலகையைத் தொடுவதில்லை. நடுவில் ஒரு மண்குடத்தை வைத்துச் சுற்றிவர வாங்குகளை (பெஞ்சுகளை)ப் போட்டு, நானும் ஒரு வாங்கில் இருந்து கீறுவேன். எனக்குத் தெரிகிற பக்கம் எனக்கு, அவர்களுக்குத் தெரிகிற பக்கம் அவர்களுக்கு. என்னைப் பார்த்துக் கீற ஏலாது. கிழமைக்கு இரண்டு பாடவேளை எனக்கும் கீறக் கிடைக்கிறது. நான் அழிறப்பர் எடுப்பதைப் பிள்ளைகள் கண்ட நாளில் இருந்து பயந்து பயந்து கீறுவதும் குறைந்தது.

பரீட்சைக்கு முதல் மாதம் மட்டும் பழையபடி பலகைதான். வேறு வழி இல்லை.

பென்சில்சீவல் | கும்பகோணம்

நாலு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஜெராக்ஸ். மறுநாள் காலை ஐந்து மணிக்கு வெறுந்தாளோடு உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே, காபி மட்டும் குடித்தேன். மூன்றாம் நாள் அந்தக் காபி டபராவையே எடுத்து வைத்து, கரிக்கோடு சொன்ன மாதிரி தாளைப் பார்க்காமல் கோடு போட்டேன். நசுங்கிய அலுமினியத் தட்டு மாதிரி வந்தது. வேண்டுமென்றே ஒரு வாரம் அதையே வரைந்தேன். பித்தளை டபரா, உள்பக்கத்தில் ஜன்னல் கம்பி மூன்றும் தெரியும். ஜன்னலில் கம்பி நேர், டபராவுக்குள் அது வில்லாக வளைந்து, அடியில் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. என் கை முதல் நாள் மூன்று நேர்கோடு போட்டு வைத்திருந்தது. கம்பி என்றால் நேர் என்று அதற்கு முன்கூட்டியே தெரியும் போல. ஐந்தாம் நாள்தான் வளைவு வந்தது. டபராவுக்குள் ஜன்னலின் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

யாழ்ப்பாணத்துத் தம்பியோ தங்கையோ தெரியவில்லை, உங்கள் யோசனையைச் சனிக்கிழமைப் பிள்ளைகளிடம் முதலில் செய்தேன். அப்புறம் துணிந்து மாலை வகுப்பிலும் ஒரு சொம்பை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். பத்து நிமிடம் கழித்து மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் என் பின்னால் வந்து நின்று, "மிஸ், உங்க சொம்பு சாஞ்சிருக்கு" என்றான். சாய்ந்துதான் இருந்தது. அழித்துவிட்டுத் திருத்தினேன். அவன் திரும்பிப் போய்த் தன் சொம்பையும் அழித்தான், அது நேராக இருந்தும்கூட.

நாயக்கர் பூச்சை நிறுத்திவிட்டேன். ஒரே ஒரு தடவை தவறினேன், ஒரு பிள்ளை தாத்தாவின் பிறந்தநாளுக்குக் கொடுக்கப்போகிற படம், அழுதுகொண்டு நின்றாள். இரண்டு வீட்டில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். புதிதாக ஒன்று வந்திருக்கிறது. ஆக 12,600.

நேற்றுக் காலை மறுபடியும் மகாமகக் குளம், அதே படி, அதே மண்டபம். இந்தத் தடவை வெயிலை விடக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு போனால், வானம் மூட்டம். நிழலே இல்லை. வந்ததற்கு இரண்டு தூணை மட்டும் ஒரு மணி நேரம் வரைந்தேன்.

மக்குவேலை ஐயாவிடம் ஒரு சந்தேகம். உங்கள் பலகையைப் பற்றிப் படித்ததிலிருந்து ஆசை வந்து, பழைய அலமாரிக் கதவு ஒன்றில் துணி ஒட்டி, சாக்பவுடரும் கோந்தும் கலந்து பூசிப் பார்த்தேன். காய்ந்ததும் மயிர்க்கோடு மயிர்க்கோடாக வெடித்துவிட்டது. கோந்து குறைவா, அதிகமா?

மக்குவேலை | தஞ்சாவூர்

விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு கையில் ஒட்டினால் கோந்து குறைவு. ஒட்டாமல் வெடித்திருந்தால் கோந்து அதிகம், இல்லை ஒரே தடவையில் கனமாக அப்பியிருக்கிறீர்கள். மாடி வெயிலில் வைத்தீர்களா? நிழலில் காய வேண்டும். முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, மோர் பதத்துக்குக் கரைத்து மெல்லிசாக நாலைந்து பூச்சு போடுங்கள், ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது.

அலமாரிக் கதவில் கீல் இருந்த ஓட்டையை அடைத்தீர்களா இல்லையா?