பாலத்து நிழல்ல ஸ்ட்ரைப்பர்

பிரபு, இரவு 7:42
நாளை ராத்திரி ஸ்ட்ரைப்பர் (உடம்புல கோடு கோடா இருக்கிற மீன்) பிடிக்க நியூ ஜெர்சி ஹைலேண்ட்ஸ் பாலத்தடிக்குப் போறேன். 10 அடி சர்ஃப் ராடு, 5 அவுன்ஸ் ஈயம், இரைக்குப் பங்கர் மீன் துண்டு. இது போதும்ல?

அந்தோணி அண்ணா, 7:44
பீச்சுக்குப் போதும். பாலத்துக்கு ஆகாது தம்பி

அந்தோணி அண்ணா, 7:49
அங்க தூரமா வீசுற வேலையே கிடையாது. 7, 8 அடி மீடியம் ஹெவி ராடு எடு. 5000 சைஸ் ரீல், 30 பவுண்டு பிரெய்டு (பின்னின நூல்). நுனியில 40 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்புல லீடர், 4 அடி. லீடர் கட்டாம போகாத. தூண் பூரா கொட்டலசும் மட்டியும்தான். பிரெய்டு எவ்வளவு பாரம் வேணா தாங்கும், ஆனா கொட்டலசுல ஒரு உரசு உரசினா தையல் நூல் மாதிரி அறுந்துடும்.

பிரபு, 7:50
பிரெய்டையும் லீடரையும் சேக்க டபுள் யூனி முடிச்சு போட்டா ஓகேவா?

சுதா அக்கா, 7:53
ஓகேதான். ஆனா கொஞ்சம் தடிமனா வரும், வீசும்போது ராடு வளையத்துல டக்குனு தட்டும். எஃப்ஜி முடிச்சு போடத் தெரிஞ்சா அதைப் போடு. வீட்லயே வெளிச்சத்துல கட்டிட்டுப் போ. காத்துல, இருட்டுல எஃப்ஜி போட உக்காந்தா மூணாவது சுத்துல கை மறந்துடும்

கணேசன் மாமா, 7:58
ராடு கதை அப்புறம். பிரபு, எங்க நிக்கப் போற, அதைச் சொல்லு முதல்ல

பிரபு, 7:59
தூணுக்குப் பக்கத்துல மாமா

கணேசன் மாமா, 8:06
எந்தப் பக்கம்? அதுலதான் எல்லாமே இருக்கு. நேவசிங்க், ஷ்ரூஸ்பரி ரெண்டு ஆத்துத் தண்ணியும் அந்தப் பாலத்தடியாலதான் சாண்டி ஹுக் விரிகுடாவுக்குப் போகணும். வத்தத்துல (கடல் இறங்கும்போது) தண்ணி தெற்கேயிருந்து வடக்கே ஓடும். அப்ப மீன் நிக்கிறது தெற்கு ஓரம். ஏத்தத்துல (கடல் ஏறும்போது) அப்படியே மாறி வடக்கு ஓரம். தண்ணி வர்ற திசைக்கு மூஞ்சியைக் காட்டிட்டு, பாலத்து நிழல் இருட்டுக்குள்ள, விளக்கு வெளிச்சம் முடியற கோட்டுலயிருந்து ரெண்டு மூணு அடி உள்ள தள்ளி நிக்கும். விளக்கு வெளிச்சத்துல சின்ன மீன் கூட்டமா மிதந்து வரும். ஸ்ட்ரைப்பர் இருட்டுல இருந்து பாக்கும், அதுங்களுக்கு இது தெரியாது.

கணேசன் மாமா, 8:08
அதனால இரை வெளிச்சத்துலயிருந்து இருட்டுக்குப் போகணும். நீ இருட்டுல போட்டு வெளிச்சத்துக்கு இழுத்தா மீனுக்குப் பின்னாலயிருந்து வருது. எந்தக் குட்டி மீனும் ஓட்டத்தை எதிர்த்துப் போய் அது வாயில விழாது

அந்தோணி அண்ணா, 8:10
நம்ம ஊர் கழிமுகத்துல கொடுவா பாலத்தூண்ல நிக்குமே, அதே புத்தி

பிரபு, 8:11
அப்ப பங்கர் துண்டு வேஸ்டா?

அந்தோணி அண்ணா, 8:19
வேஸ்ட் இல்ல, அது வேற ஆட்டம். நிழல் ஓரத்துக்கு ஜிக்தான், அதாவது ஈயத் தலை வச்ச போலி இரை. பக்டெயில் (மான் முடி கட்டினது), இல்ல ஜிக் ஹெட்ல 5 இஞ்ச் பேடில் டெயில் (வால் ஆடற ரப்பர் மீன்). ஓட்டத்துக்கு மேல் பக்கமா, கொஞ்சம் சாய்வா வீசு. அடியில தொட்டதும் தொய்வை மட்டும் சுத்தி எடு. நீ இழுக்காத, தண்ணி கொண்டு போகட்டும். விரல் பிரெய்டு மேலயே இருக்கணும். நிழல் கோட்டைத் தாண்டுற இடத்துலதான் 'டொக்'குனு ஒரு தட்டு வரும்.

எடை நீயே கண்டுபிடிக்கணும். அப்பப்ப அடியில தட்டிட்டுப் போனா சரியான எடை. தட்டவே இல்லன்னா கம்மி, ஒரே இடத்துல உக்காந்துட்டா அதிகம். ஓட்டம் ஆரம்பிக்கும்போது முக்கால் அவுன்ஸ் போதும். நடு ஓட்டத்துல ஒன்றரை, ரெண்டு கூட வேணும். அரை அவுன்ஸ்லயிருந்து ரெண்டு வரைக்கும் பையில வச்சுக்கோ. ஒரே எடையைப் பிடிச்சிட்டு ராத்திரி பூரா வீசுறவங்கதான் "மீனே இல்ல"ன்னு திரும்பி வர்றது.

சுதா அக்கா, 8:24
துண்டு போடறதா இருந்தா பங்கர் தலையைப் போடு. நடுத்துண்டை நண்டு பிச்சிடும். சறுக்கு ஈயம் 3, 4 அவுன்ஸ். பிரமிடு ஈயம் பாறை இடுக்குல சிக்கும், உருண்டையா நீளமா இருக்கிற பேங்க் சிங்கர் வாங்கு. ஈயத்தை 12 பவுண்டு நரம்புத் துண்டுல தனியா கட்டு. சிக்கினா ஈயம் மட்டும் போகும், மீன் தங்கும்.

முள் சர்க்கிள் ஹூக் (வட்டமா வளைஞ்ச முள்) 8/0, முனை கோணாம நேரா இருக்கிற வகை. 2021லயிருந்து இரை போட்டு ஸ்ட்ரைப்பர் பிடிக்க இது கட்டாயம்

சுதா அக்கா, 8:25
மீன் இழுத்ததும் வெடுக்குனு சுண்டாத. சுண்டினா சர்க்கிள் வாயிலயிருந்து வழுக்கி வெளிய வந்துடும். நரம்பு இறுகட்டும், நிதானமா சுத்து, அதுவே கடைவாய்ல போய் மாட்டும்

பிரபு, 8:27
விலாங்கு உசுரோட போட்டா?

கணேசன் மாமா, 8:31
ராத்திரிக்கு அதைவிட நல்ல இரை இல்ல. ஐஸ் மேல ஈரத்துணி, துணி மேல விலாங்கு. ஐஸ் உருகின தண்ணியில மூழ்க விடாத, செத்துடும். குளிர்ல மந்தமாயிடும், முள் போட வசதி. ரெண்டு உதட்டையும் சேத்துக் கோத்துடு. கைக்குப் பழைய துண்டு ஒண்ணு. வெறுங்கையில பிடிச்சா லீடரையே முடிச்சு போட்டுக் குடுத்துடும் உனக்கு

பிரபு, 8:33
😂 ஹைவாட்டர் 6:50ன்னு போட்டிருக்கு. அப்ப 7 மணிக்கு வத்தம் ஆரம்பிச்சிடும்ல?

கணேசன் மாமா, 8:37
அங்கதான் எல்லாரும் ஏமாறுறது. மட்டம் உச்சிக்கு வர்ற நேரம் வேற, ஓட்டம் திரும்புற நேரம் வேற. குறுகலான வாய்ல மட்டம் இறங்க ஆரம்பிச்ச பிறகும் உள்பக்கமா ஓடிட்டே இருக்கும். நோவா (அமெரிக்க அரசோட கடல், வானிலை அமைப்பு) தளத்துல டைடுக்கு (மட்டம்) ஒண்ணு, கரண்டுக்கு (ஓட்டம்) ஒண்ணுன்னு ரெண்டு அட்டவணை இருக்கு. நீ பாத்தது டைடு. கரண்ட்ல 'ஸ்லாக்'னு (ஓட்டம் நின்னு திரும்புறது) இருக்கிற நேரத்தைப் பாரு. அதுக்கு முன்னாடி ஒண்ணரை மணி, பின்னாடி ஒண்ணரை மணி. நடு ஓட்டத்துல ஜிக் அடியைத் தொடறதுக்குள்ள பாலத்தைத் தாண்டிடும்

அந்தோணி அண்ணா, 8:42
மாட்டினதும் முதல் பத்து நொடிதான். டிராக் (ரீல் நூல் விடற இறுக்கம்) 8, 10 பவுண்டு வச்சுக்கோ. ராடைப் பக்கவாட்டுல சாய்ச்சு, தூணுக்கு எதிர்ப்பக்கமா இழு. மேல தூக்கினா அது நேரா தூணைச் சுத்தும். சுத்திடுச்சா, முரட்டடி அடிக்காத. ரீல்ல இருக்கிற பெயில் கம்பியைத் திறந்து தொய்வு விடு. சில நேரம் வந்த வழியே திரும்பி வரும்

பிரபு, 8:43
பாலத்து மேலயே நின்னு போட்டா தூண் தொல்லை இல்லையே?

சுதா அக்கா, 8:47
அது கிட்டத்தட்ட 65 அடி உயரம்! 12 பவுண்டு மீனை நரம்புலயே தூக்கினா முக்கால்வாசி முள் பிஞ்சுடும். வளைய வலை இறக்கித் தூக்குறதெல்லாம் தாழ்வான பாலத்துக்குத்தான். அளவு சரியில்லாத மீனை மேலயிருந்து திருப்பிப் போட்டா அது பொழைக்குமா? கீழ கரையில நில்லு. அங்கயும் அனுமதி போர்டைப் பாத்துட்டு நில்லு.

கேஃப் கொக்கியும் எடுக்காத, ஸ்ட்ரைப்பருக்குத் தடை. ரப்பர் வலை போதும்

பிரபு, 8:48
அளவு இன்னும் 28லயிருந்து 31 இஞ்ச்தானே?

சுதா அக்கா, 8:51
ஆமா, ஆளுக்கு நாளைக்கு ஒண்ணு. வாயை மூடி மூக்குலயிருந்து வால் நுனி வரைக்கும் அள. 31 தாண்டினதெல்லாம் முட்டை போடற பெரிய மீன், தண்ணியிலயே வச்சு முள்ளைக் கழட்டி விடு. ஒழுங்கா விட்டாலே நூத்துக்கு 9 சாகும்னுதான் அதிகாரிங்களே கணக்குப் போடறாங்க. கடல் தூண்டிலுக்கு லைசன்ஸ் வேண்டாம், ஆனா இலவசப் பதிவு பண்ணிருக்கணும். பண்ணிட்டியா?

பிரபு, 8:52
பண்ணிட்டேன் அக்கா. 28 இஞ்ச் கிடைச்சா ஞாயித்துக்கிழமை குழம்பு எல்லாருக்கும்!

சுதா அக்கா, 8:54
பெரியவங்களுக்கு மட்டும் ஊத்து. மீன்ல பிசிபிங்கிற நச்சு ரசாயனம் இருக்கறதால குழந்தைங்க, கர்ப்பமா இருக்கிறவங்க சாப்பிடவே வேண்டாம்னு மாநில அறிவுரை. தோலையும், பக்கவாட்டுல ஓடற கருஞ்சதையையும், வயித்துக் கொழுப்பையும் வெட்டிப் போட்டுடு

கணேசன் மாமா, 8:58
தலை விளக்கைச் சிவப்புல வை. தண்ணி மேல அடிக்காத, பக்கத்துல நிக்கிறவன் சண்டைக்கு வருவான்

பிரபு, 9:03
கரண்ட் அட்டவணை பாத்துட்டேன். ஸ்லாக் எட்டே முக்கால். அப்ப ஏழேகாலுக்கு வடக்கு ஓரம், ஓட்டம் திரும்பினதும் தெற்கு ஓரம்?

கணேசன் மாமா, 9:04
அதேதான். விலாங்கு பிடிக்கிற துண்டை மறக்காத