மாசமா இருக்கும்போது அரிப்பு, பிபி, சுகர் வந்தவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

எனக்கு எட்டாம் மாசம் முடியுறப்ப உள்ளங்கை உள்ளங்கால் ரெண்டும் அரிக்க ஆரம்பிச்சுது, பகல்ல பரவால்ல, ராத்திரி ஆனா தாங்க முடியாது, ஈரத்துணிய கால்ல சுத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். தோல்ல ஒரு தடிப்பு கூட இல்ல, நான் சொறிஞ்ச கீறல்தான். வயிறு விரியுறப்ப அரிக்கத்தான் செய்யும்னு எல்லாரும் சொன்னாங்க, ஆனா தடிப்பே இல்லாம கை கால் அரிச்சா கல்லீரல பாக்கணும்னு செக்கப்ல நர்ஸ் சொல்லி உடனே லிவர் டெஸ்ட்டும், ரத்தத்துல பித்த அமிலம் எவ்ளோ இருக்குன்னு பாக்குற பைல் ஆசிட் டெஸ்ட்டும் எடுத்தாங்க. பித்தநீர் சரியா வடியாம ரத்தத்துல சேருதாம், கொலஸ்டாசிஸ்னு பேரு. உர்சோடியாக்ஸிகோலிக் ஆசிட் மாத்திரைல அரிப்பு கொஞ்சம் கொறஞ்சுது, முழுசா போகல. நமக்கு அரிப்புதான், ரிஸ்க் குழந்தைக்கு. பைல் ஆசிட் 100க்கு மேல போனா குழந்தை வயித்துலயே இறந்துபோற ஆபத்து கூடுது, அதான் அடிக்கடி ரத்தம் எடுத்து பாத்துட்டு அளவுக்கு ஏத்த மாதிரி முன்னாடியே பிரசவம் பாக்குறாங்க. எனக்கு 37 வாரத்துல வலி வர வச்சாங்க, பாப்பா நல்லா இருக்கா. அடுத்த தடவையும் வர வாய்ப்பு அதிகம், முதல் செக்கப்லயே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க ப்ளீஸ்.

சிஸ் எனக்கு ப்ரீஎக்லாம்ப்சியா, அதான் மாசமா இருக்கும்போதோ பிரசவம் ஆனப்புறமோ பிபி ஏறி ஆபத்தாகுற பிரச்சனை. பிரசவம் ஆயிட்டா பிபி எறங்கிடும்னு நாம நினைக்கிறோம்ல, எனக்கு குழந்தை பொறந்து வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஏறுச்சு. மண்டை பொளக்குற தலைவலி, கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது, வலது விலாக்கு கீழ வலி, அத கேஸ்னு விட்டுடாதீங்க. போய் பாத்தா 160/110 தாண்டியிருக்கு. பிபி எறங்க லேபட்டலால் மருந்து குடுத்து, வலிப்பு வராம இருக்க மெக்னீசியம் சல்ஃபேட் ஏத்துனாங்க, ஏத்துறப்ப ஒடம்பெல்லாம் தீயா சுடும், பயப்படாதீங்க, அந்த மருந்துக்கு அப்படித்தான் இருக்கும். அது அதிகமாயிடுச்சான்னு பாக்க ஒரு சின்ன சுத்தியலால முட்டிய தட்டித் தட்டி பாத்துட்டே இருந்தாங்க, கால் துள்ளுனா சரி. இப்ப ரெண்டாவது குழந்தை, திரும்ப அது வர்ற வாய்ப்ப கொறைக்க 12 வாரத்துலருந்தே டாக்டர் சொல்லி கொறஞ்ச டோஸ் ஆஸ்பிரின் போடுறேன்.

எனக்கு சுகர்ங்க. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வச்சு பாக்குற டெஸ்ட்ல வெறும் வயித்துலயே 92 தாண்டிடுச்சு. சாப்பாடு, நடைன்னு பாத்தும் எறங்கல, இன்சுலின் போட்டாங்க. குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு அழுதுட்டேன், இன்சுலின் நஞ்சுக்கொடிய தாண்டி போகாதுன்னு டாக்டர் பொறுமையா சொன்னப்புறம்தான் தைரியம் வந்துச்சு. பிரசவத்துக்கு அப்புறம் 6லருந்து 12 வாரத்துக்குள்ள திரும்ப டெஸ்ட் எடுக்கணும், கைக்குழந்தைய வச்சுக்கிட்டு நிறைய பேர் போறதே இல்ல. எனக்கு அடுத்த வாரம், ரிசல்ட் வந்ததும் இங்கயே போடுறேன்.