30,000 ரூபாயில் தம்பிக்கு கம்ப்யூட்டர்: புது அசெம்பிளா, பழைய ஆபீஸ் பெட்டியா?

வியாசை அருண்

வடசென்னை வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். தம்பி பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறான். படிப்புக்கு ஜாவா, பைத்தான். அது போக, எங்கள் ஏரியா ஃபுட்பால் டீமின் மேட்ச்களைப் போனில் எடுத்து, எடிட் செய்து யூடியூபில் போடுவான். அதை அவன் விடமாட்டான், நானும் விடச் சொல்லமாட்டேன். கையில் சீட்டு எடுத்த பணம் 30,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் வராது. மானிட்டர் இருக்கிறது, 19 இன்ச், பின்னால் பழைய விஜிஏ கனெக்டர் மட்டும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு கடையில் விலை கேட்டேன். முதல் கடையில் புது அசெம்பிள்: இன்டெல் ஐ3-12100 ப்ராசசர், எச்610 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ஒரே ஸ்டிக், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ்ஸோடு (பவர் சப்ளை) வரும் கேபினெட். பில்லோடு 29,500. இன்னொரு கடையில் கம்பெனியிலிருந்து வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் டவர்: ஐ5-8500, 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. 17,000. கடை வாரண்டி ஆறு மாதம். எதை எடுக்கலாம்?

தேவி ஒற்றியூர்

யோசிக்கவே வேண்டாம் தம்பி, புதுசு எடுங்கள். 12100 நாலு கோர்தான், ஆனால் ஒவ்வொரு கோரும் 8500-இன் கோரைவிட நன்றாகவே வேகம். ஜாவா கம்பைல் ஆகும்போதும், பிரவுசரில் பத்து டேப் திறந்திருக்கும்போதும் அது தெரியும். யூடியூப் இப்போது நிறைய வீடியோவை ஏவி1 என்ற ஃபார்மட்டில் அனுப்புகிறது. 12100-க்குள் இருக்கும் யுஎச்டி 730 கிராபிக்ஸ் அதை ஹார்டுவேரிலேயே பிரிக்கும். 8500-இன் யுஎச்டி 630-க்கு அந்த வசதி கிடையாது, ப்ராசசர்தான் உழைக்க வேண்டும்.

முக்கியமான விஷயம் நாளைக்கு என்ன செய்யலாம் என்பது. எச்610 போர்டில் பிறகு ஐ5-12400 போடலாம். பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் சாஃப்ட்வேர்) அப்டேட் செய்தால் 13, 14-ஆம் ஜெனரேஷனும் ஏறும். ஆப்டிபிளெக்ஸில் மிஞ்சிப் போனால் ஐ7-8700. அதோடு கதை முடிந்தது.

பழைய போர்டு

வண்ணாரப்பேட்டையில் சர்வீஸ் வேலை செய்கிறவன். தேவி மேடம் ப்ராசசரைப் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அருண் வாங்கப் போவது ப்ராசசரை மட்டும் இல்லை, முழுப் பெட்டியை. அந்த 29,500 கொட்டேஷனை மறுபடி படியுங்கள். ரேம் 8 ஜிபி, ஒரே ஸ்டிக். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ். மீதி 500 ரூபாய். விண்டோஸுக்குப் பணம் எங்கே?

எடிட்டிங்குக்கு 8 ஜிபி போதாது. உள்ளே இருக்கும் கிராபிக்ஸும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒரே ஸ்டிக் என்றால் சிங்கிள் சேனல், அந்த கிராபிக்ஸுக்குப் பாதி வழிதான் திறந்திருக்கும். இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொள்ளலாம் என்பீர்கள். முன்பெல்லாம் நானும் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். தயாரிக்கிற கம்பெனிகள் ஏஐ டேட்டா சென்டர்களுக்கு சப்ளை செய்வதில் இறங்கிவிட்டன. மைக்ரான் 2025 டிசம்பரில், க்ரூஷியல் என்ற பெயரில் கடைகளுக்கு விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே விடுவதாக அறிவித்தது. இந்த நேரத்தில் 16 ஜிபி உள்ளே இருக்கும் பெட்டி 17,000-க்கு வந்தால், அதில் ரேமின் மதிப்பே ஒரு பெரிய பங்கு.

கம்பெனிப் பெட்டிகளில் பெரும்பாலும் விண்டோஸ் ப்ரோ லைசென்ஸும் போர்டோடு சேர்ந்து வரும். நெட் கொடுத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். 8-ஆம் ஜெனரேஷன் என்பதால் விண்டோஸ் 11 முறைப்படி ஓடும்.

மணலி மைந்தன்

30,000-க்குப் புது லேப்டாப்பே வருகிறதே? காலேஜுக்கும் எடுத்துப் போகலாம்.

தேவி ஒற்றியூர்

வரும். அந்த விலையில் பலவற்றில் ரேமை போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள், கூட்ட முடியாது. எடிட்டிங்கில் சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இவர் டெஸ்க்டாப் கேட்கிறார், அதைப் பேசுவோம்.

பழைய போர்டு அண்ணா, உங்களுக்கு ஒரு கேள்வி. அந்த ஆப்டிபிளெக்ஸ் 2018, 2019 வாக்கில் தயாரானது. ஒரு ஆபீஸில் தினமும் ஓடிவிட்டு வந்திருக்கிறது. அதன் எஸ்எம்பிஎஸ் போனால் என்ன செய்வார்? டெல் பெட்டியில் போர்டுக்குப் போகும் பவர் கனெக்டரே வேறு, சாதாரண 24 பின் கிடையாது. எந்தக் கடையிலும் போய் ஒரு எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்ட முடியாது. போர்டு போனாலும் அதே கதைதான், அந்த மாடல் போர்டையே தேடிப் பிடிக்க வேண்டும். ஆறு மாத வாரண்டி முடிந்த மறுநாள் அவருடைய சீட்டுப் பணம் யார் பொறுப்பு? புதுசில் ப்ராசசருக்கும் போர்டுக்கும் மூன்று வருடம் கம்பெனி வாரண்டி. கஷ்டப்பட்டுச் சேர்த்த பணம் என்பதால்தான் சொல்கிறேன், வாரண்டி இல்லாத பொருளைத் தாங்கும் வசதி நம் வீடுகளில் கிடையாது.

பழைய போர்டு

கனெக்டர் விஷயம் உண்மை. ஆனால் வேறு எஸ்எம்பிஎஸ்ஸை அதில் இணைக்கும் கன்வெர்ட்டர் கேபிள் கிடைக்கிறது, அதே மாடலின் கழற்றிய எஸ்எம்பிஎஸ்ஸும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கிறது. என் மேசைக்கு வருகிறவற்றில் ஆபீஸ் பெட்டியின் எஸ்எம்பிஎஸ் போய் வருவது குறைவு. கேபினெட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ்தான் போகிறது, போகும்போது போர்டையும் இழுத்துக்கொண்டு போகிறது.

அருண், நீங்களே சோதித்துப் பாருங்கள். புதுசு தரும் கடையில் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரைக் காட்டச் சொல்லுங்கள். மேலே 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே கட்டத்தில் 12 வோல்ட் என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள், 192 வாட். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் உண்மையில் குடிப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். இரண்டு வரியையும் வைத்துப் பார்த்தால் விற்பவரின் நாணயம் தெரிந்துவிடும்.

வாரண்டி பற்றியும் ஒன்று. அந்த 12100 ப்ராசசர் இன்டெலின் அட்டைப்பெட்டியோடு வருகிறதா, பெட்டி இல்லாத டிரே பீஸா என்று கேளுங்கள். டிரே பீஸ் என்றால் நேராக இன்டெலிடம் போக முடியாது, கடைக்காரர் சொல்வதுதான் வாரண்டி. தேவி மேடம் சொல்லும் மூன்று வருடம் அந்த 29,500-க்குள் இருக்கிறதா என்று முதலில் தெரியட்டும்.

ராயபுரம் சலீம்

இரண்டு பேரும் பெட்டிக்குள்ளேயே சண்டை போடுகிறீர்கள். பெட்டி எங்கே உட்காரப் போகிறது என்று யாராவது கேட்டீர்களா?

அருண், உங்கள் வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா? நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், மேலே உள்ளதற்குப் பின்னால் ஒயரே இருக்காது. அப்படி இருந்தால் கேபினெட்டைத் தொடும்போது ஜிவ்வென்று ஷாக் தட்டும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டரிலிருந்து வரும் கசிவு மின்சாரம் பூமிக்குப் போக வழியில்லாமல் பெட்டியில் நிற்கும், அதுதான் காரணம். புதுசு, பழசு இரண்டிலும் இது வரும். ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரி செய்வதும், வோல்டேஜ் ஏறி இறங்குவதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குவதும் பட்ஜெட்டுக்குள் வர வேண்டும். 29,500 கணக்கில் அதற்கு இடமே இல்லை. 17,000-இல் இருக்கிறது. என் ஓட்டு பழையதற்கு, அதுவும் இந்த ஒரு காரணத்துக்காக.

தரைத்தளமா மாடியா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தரையில் இருந்த எத்தனை சிபியு தண்ணீரில் போனது என்று நம் ஏரியாவில் எல்லோருக்கும் தெரியும். மேசை மேலே வையுங்கள்.

தேவி ஒற்றியூர்

சலீம் பாய் சொன்ன எர்த் கட்டாயம் செய்ய வேண்டியது. அதில் எனக்கு வாதமே இல்லை.

ஆனால் பெட்டி உட்காரும் இடத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்றால், கடல் காற்றும் உண்டு, அது என் பக்கத்துக்குத்தான் பலம். நான் கடலுக்கு அருகில்தான் இருக்கிறேன். உப்புக் காற்றில் ரேம் காண்டாக்ட் கறுக்கும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வரும் தூசி ஃபேனில் கெட்டியாகப் படியும். ஏற்கெனவே ஏழு வருடம் உழைத்த போர்டை அந்தக் காற்றில் வைப்பதும், புது போர்டை வைப்பதும் ஒன்றாகுமா?

அப்புறம், இரண்டு கொட்டேஷனில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? புது கொட்டேஷனைத் திருத்தச் சொல்லுங்கள். எஸ்எஸ்டியை 500-லிருந்து 256-க்கு இறக்கி, கிடைக்கும் பணத்தை 80 பிளஸ் சான்று பெற்ற எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள். இடம் போதாவிட்டால் முடிந்த வீடியோக்களை ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கில் போடலாம். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். விண்டோஸ் வாங்கும்வரை இலவசமான லினக்ஸ் மின்ட் போடலாம். ஜாவாவும் பைத்தானும் அதில் அருமையாக ஓடும்.

வியாசை அருண்

அக்கா, தம்பி எடிட் செய்வது டாவின்சி ரிசால்வில். இலவசப் பதிப்பு. லினக்ஸில் ஓடுமா?

பழைய போர்டு

ஓடும், ஆனால் உங்களுக்குப் பயன்படாது. லினக்ஸில் இலவச ரிசால்வ் எச்.264 வீடியோவை எடுத்துக்கொள்ளாது, ஏஏசி ஆடியோவையும் எடுக்காது. போனில் எடுப்பது பெரும்பாலும் அந்த இரண்டும்தான். ஒவ்வொரு மேட்சையும் முதலில் வேறு ஃபார்மட்டுக்கு மாற்ற வேண்டும், ஃபைல் பல மடங்கு பெரிதாகும். அதற்கு 256 ஜிபி காணாது. கேடன்லைவ், ஷாட்கட் மாதிரி இலவச எடிட்டருக்கு மாறினால் லினக்ஸ் பிரச்சினை இல்லை. ரிசால்வ்தான் வேண்டும் என்றால் விண்டோஸ் வேண்டும்.

இன்னொன்று, இரண்டு பெட்டியிலும் ரிசால்வ் திணறும். அது கிராபிக்ஸ் கார்டை நம்பி எழுதப்பட்ட சாஃப்ட்வேர். 720பி-யில் ப்ராக்ஸி (வீடியோவின் சின்ன நகல்) உருவாக்கிக்கொண்டு வெட்டினால் சமாளிக்கலாம். பிறகு கையில் பணம் வரும்போது ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி 75 வாட் கார்டு, தனி பவர் ஒயர் கேட்காத மாடல், செகண்ட் ஹேண்டில் போடலாம். ஸ்லாட்டே 75 வாட் கொடுக்கும். அதனால்தான் டவர் என்றதும் எனக்கு சந்தோஷம். ஒல்லிப் பெட்டி என்றால் பாதி உயரக் கார்டுதான் ஏறும். உள்ளங்கை அளவு மினி பெட்டியை மட்டும் தொடவே தொடாதீர்கள், அதில் லேப்டாப் ரேம். டவரில் இருப்பது சாதாரண டெஸ்க்டாப் டிடிஆர்4. இரண்டு மூன்று வருடம் கழித்து தேவி மேடம் சொல்லும் எச்610 டிடிஆர்4 போர்டுக்கு மாறினால், அந்த 16 ஜிபியைக் கழற்றி அதிலேயே மாட்டலாம். எஸ்எஸ்டியும் கூட வரும்.

தேவி ஒற்றியூர்

ரேமை எடுத்துச் செல்லலாம் என்பது நல்ல கணக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஏழு வருடம் உழைத்த போர்டின் ஆயுளை யாரும் உத்தரவாதமாகச் சொல்ல முடியாது என்ற என் பேச்சில் மாற்றமில்லை. ரிசால்வுக்காக விண்டோஸ் கட்டாயம் என்றானபின், 30,000-க்குள் புதுசு பொருந்தவில்லை என்பதைப் பார்க்கிறேன். இன்னும் ஆறேழாயிரம் இருந்திருந்தால் ஒருபோதும் விட்டுக்கொடுத்திருக்கமாட்டேன்.

பழையதுதான் என்றால் இதையாவது செய்யுங்கள் அருண். கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி போர்டில் வீங்கிய கெபாசிட்டர், பச்சை பூத்த இடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பின்னால் சர்வீஸ் டேக் நம்பர் இருக்கும். டெல் வெப்சைட்டில் அதைப் போட்டால் அந்தப் பெட்டியை டெல் எந்த வருடம் அனுப்பியது, முதலில் உள்ளே என்ன இருந்தது என்று வரும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தைப் பாருங்கள். பயாஸுக்குள் போய்ப் பாருங்கள், பாஸ்வேர்டு கேட்டால் எடுக்காதீர்கள். 16 ஜிபி இரண்டு ஸ்டிக்கா என்று டாஸ்க் மேனேஜரில் தெரியும். "ஐ5" என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். இரண்டாம், மூன்றாம் ஜெனரேஷன் ஐ5-ஐப் புது கேபினெட்டில் போட்டு, பளபளவென்று லைட் வைத்து விற்கிறார்கள். அவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது.

வியாசை அருண்

சரி அக்கா, டவரையே எடுக்கிறேன். மீதி 13,000-இல் எலக்ட்ரீஷியன், யுபிஎஸ், ஒரு 500 ஜிபி எஸ்எஸ்டி. எஸ்எஸ்டி விலையும் ஏறியிருக்கிறது என்றார்கள், கேட்டுப் பார்க்கிறேன். மிச்சத்தை கிராபிக்ஸ் கார்டுக்கு எடுத்து வைக்கிறேன். பெட்டியின் பின்னால் டிஸ்ப்ளே போர்ட் மட்டும் இருந்ததாக ஞாபகம். என் விஜிஏ மானிட்டருக்கு என்ன செய்வது?

ராயபுரம் சலீம்

டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் அதே தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கடையிலேயே மாட்டிப் படம் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதிக் கடை மூடியிருக்கும். ஜீவா ஸ்டேஷனில் ரயில் ஏறி மூர் மார்க்கெட்டில் இறங்கினால் அங்கிருந்து பக்கம்தான். வரும்போது மட்டும் ஆட்டோவில் வாருங்கள், டவரை ரயில் நெரிசலில் தூக்க முடியாது.

பழைய போர்டு

அந்தக் கடை வாரண்டியை பில்லில் எழுதி, சீரியல் நம்பரோடு, சீல் போட்டு வாங்குங்கள் அருண். எழுதித் தரமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள், அதே மாடல் அங்கேயும் இருக்கும்.