வஹாக்காவிலிருந்து மோந்தே அல்பான்: முழங்கால் வலி உள்ளவர் சென்று வர இயலுமா?

காவேரிப்பட்டினம் வாசகர்:
வணக்கம். வரும் டிசம்பரில் ஹூஸ்டனில் இருக்கும் மகளிடம் செல்லும் நானும் என் மனைவியும், அவளையும் அழைத்துக்கொண்டு மெக்சிகோவின் வஹாக்கா நகருக்குப் போய்வர எண்ணியுள்ளோம். ஸ்பானியர் எழுப்பிய தேவாலயங்களைவிட, அவர்களுக்கு மிக முன்பே சபோடெக் மக்கள் அமைத்த மோந்தே அல்பான் மலைநகரைக் காண்பதே என் விருப்பம். மனைவிக்கு மூட்டுத் தேய்மானம். கிருஷ்ணகிரிக் கோட்டைக்குப் பாதி வழிகூட ஏற முடியாது. அதே நாளில் மித்லா என்னும் மற்றொரு பழைய இடிபாட்டு ஊரையும் முடித்துவிடலாம் என்கிறார் பயண முகவர். சென்று வந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அதியமான்கோட்டை நண்பர்:
மலையை எண்ணி அஞ்ச வேண்டாம். நகரிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர்தான். வண்டி நுழைவாயில் அருகே வரை செல்லும். உச்சியைச் சமன்படுத்தி அமைத்த, ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள முற்றத்தைச் சுற்றியே முக்கியக் கட்டடங்கள் நிற்பதால், நீங்கள் மேடைகளின் செங்குத்துப் படிகளில் ஏறும்போது உங்கள் மனைவி கீழே மெல்ல நடந்தே பலவற்றைப் பார்த்துவிடலாம். நிழல் மிகக் குறைவு; காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள்.

மேற்குப் பக்கத்துப் புடைப்புக் கற்களைப் பொறுமையாகப் பாருங்கள். மூடிய கண்கள், திறந்த வாய், முறுக்கிக் கிடக்கும் கைகால்கள். நடனமாடுவோர் என்று முன்பு எண்ணினார்கள். கொல்லப்பட்ட கைதிகள் என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் கருத்து. தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது: நம் பக்கத்தில் மாண்ட தம் வீரனுக்குக் கல் நட்டார்கள், அங்கே கொன்ற பகைவனைக் கல்லில் நிறுத்தியிருக்கிறார்கள்.

பர்கூர் ஆசிரியர்:
மலையில் கிடைத்தவற்றுள் தலைசிறந்தவை இப்போது மலையில் இல்லை. 1932இல் தொல்லியலாளர் அல்போன்சோ காசோ கண்டெடுத்த 7ஆம் எண் கல்லறையைக் கட்டியவர்கள் சபோடெக் மக்கள். பல நூற்றாண்டுகளுக்குப் பின் மிஸ்டெக் என்னும் வேறொரு மக்கள் அதிலேயே தம் பெரியோரை அடக்கம் செய்து, பொன் அணிகளையும் முத்துகளையும் செதுக்கிய எலும்புகளையும் டர்க்கைஸ் என்னும் நீலப்பச்சைக் கல் பதித்த மண்டையோட்டையும் உடன் வைத்தனர். அவை நகரின் சாந்தோ டொமிங்கோ மடத்து அருங்காட்சியகத்தில் உள்ளன, திங்கட்கிழமை விடுமுறை. தேவாலயப் பக்கமே போகாவிட்டால் இவற்றையும் காண முடியாது. யுனெஸ்கோவும் 1987இல் நகரையும் மலையையும் சேர்த்தே உலகப் பாரம்பரியப் பட்டியலில் இட்டது.

ஓசூர் பயணி:
முகவர் சொல்வதை ஏற்காதீர்கள். மோந்தே அல்பான் நகருக்கு மேற்கே. மித்லா கிழக்கே சுமார் 45 கிலோமீட்டர். இரண்டையும் ஒரே நாளில் அடைத்தால், வழியில் கம்பளக் கடையிலும் மெஸ்கால் என்னும் மது வடிக்கும் இடத்திலும் நிறுத்தும் நேரம் போக, இடிபாடுகளுக்கு மிஞ்சுவது சொற்பம். மித்லாவுக்குத் தனி நாள் வையுங்கள். மூட்டு வலிக்காரருக்கு அதுவே எளிது. சுண்ணமின்றி நுணுக்கமாகப் பொருத்திய சிறு கற்களால் சுவர் முழுவதும் படிக்கட்டுக் கோல வரிசைகள் ஓடுகின்றன. பழைய மேடையின் மீதே ஸ்பானியர் எழுப்பிய சான் பாப்லோ தேவாலயமும் பக்கத்தில் நிற்கிறது. ஆட்சி மாறியதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் இடம் அந்தப் பகுதியில் வேறில்லை என்பது என் கருத்து.

செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் மகளிடம் திரும்ப வேண்டுமே. உங்கள் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்பதைப் பயணச்சீட்டு எடுக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.