குழாய்நீரில் குளோரின்: துணைவிளைபொருள்களுக்கு எவ்வளவு அஞ்ச வேண்டும்?

கேள்வி:
எங்கள் குழாய்நீரில் சில நாட்கள் குளோரின் வாடை தூக்கலாக இருக்கிறது. குளோரின் நீரிலுள்ள வேறு பொருள்களோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களாக மாறும் என்று படித்ததிலிருந்து, வீட்டில் கைக்குழந்தை இருப்பதால், மனம் நிம்மதியாக இல்லை. குளோரின் கலக்காத நீரே மேல் என்கிறார் உறவினர் ஒருவர். அது சரியா? கொதிக்கவைத்தால் போதுமா?

பதில் 1:
உறவினர் சொல்வதை ஏற்காதீர்கள். காலரா, டைஃபாய்டு கிருமிகள் சில நாட்களிலோ வாரங்களிலோ உயிரைப் பறிக்கக்கூடியவை. குளோரின் வினைபுரிவதால் உண்டாகும் துணைவிளைபொருள்களின் ஆபத்தோ பல்லாண்டுகள் தொடர்ந்து குடிப்பதால் வரக்கூடிய, அதைவிட மிகச் சிறிய ஆபத்து. ஆனால் அதை இல்லையென்று தள்ளிவிடவும் முடியாது. இலைதழை மட்கியதால் நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள்களோடு குளோரின் வினைபுரியும்போது ட்ரைஹாலோமீத்தேன்கள் உருவாகின்றன என்பது 1974இல் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது. அவற்றுள் ஒன்றான குளோரோஃபார்மை, மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ள பொருள்களின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. குளோரின் கலந்த நீரை நீண்டகாலம் பயன்படுத்தியவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக இருப்பதையும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இன்னொன்று: வாடையை வைத்து இதை அளக்க முடியாது. நீங்கள் முகர்வது பெரும்பாலும் எஞ்சியிருக்கும் குளோரினைத்தான். குழாயில் நெடுநேரம் தங்கி வாடை குறைந்துவிட்ட நீரில்தான் ட்ரைஹாலோமீத்தேன்கள் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.

பதில் 2:
மூடாமல் சில நிமிடங்கள் கொதிக்கவைத்தால் இவை ஆவியாகிப் போய்விடும், வேறெதுவும் தேவையில்லை.

பதில் 3:
மேலே சொன்னது பாதிதான் சரி. ட்ரைஹாலோமீத்தேன்கள் எளிதில் ஆவியாகும் என்பது உண்மை. அதனாலேயே வெந்நீரில் குளிக்கும்போது மூச்சு வழியாகவும் அவை உடலுக்குள் செல்கின்றன, ஆகவே குளியலறைச் சன்னலைத் திறந்து வையுங்கள். ஆனால் குளோரினால் உருவாகும் இன்னொரு வகைத் துணைவிளைபொருள்களான ஹாலோஅசிட்டிக் அமிலங்கள் அப்படி ஆவியாகிவிடுவதில்லை. வீட்டளவில் கிளர்வுற்ற கரி (activated carbon) வடிகட்டி இரு வகையையும் குறைக்கும். உரிய காலத்தில் கரியை மாற்றாவிட்டால் அதிலேயே நுண்ணுயிர்கள் பெருகும் என்பதால், குழந்தைக்கான நீரை வடிகட்டிய பிறகும் கொதிக்கவையுங்கள்.

உண்மையான தீர்வு சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இருக்கிறது: குளோரின் சேர்ப்பதற்கு முன்பே கரிமப் பொருளைப் படியவைத்து நீக்க வேண்டும். உங்கள் குடிநீர் வாரியத்திடம் பரிசோதனை முடிவுகளை எழுத்துமூலம் கேளுங்கள். மொத்த ட்ரைஹாலோமீத்தேன்களுக்கு அமெரிக்கா வகுத்துள்ள வரம்பு லிட்டருக்கு 80 மைக்ரோகிராம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 100. வெப்பம் கூடினால் இவை உருவாவதும் கூடும் என்பதால், ஆண்டுச் சராசரியோடு கோடை மாதங்களின் அளவையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.