கர்ப்பப்பையை எடுக்கச் சொன்ன டாக்டரிடம் கேள்வி கேட்டது தப்பா?

மேகலா:
எனக்கு 42 வயது. ஒரு வருடமாக மாதவிலக்கில் ரத்தம் அதிகமாகப் போகிறது. ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கிவிட்டது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி (தசைக்கட்டி) என்று வந்தது. தனியார் மருத்துவமனை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனி கர்ப்பப்பை எதுக்கு? வெள்ளிக்கிழமை அட்மிட் ஆயிடுங்க" என்றார். மாத்திரையில் சரியாகாதா என்று கேட்டேன். "நெட்டுல படிச்சிட்டு வந்தீங்களா?" என்று எரிந்து விழுந்தார். சினைப்பையையும் சேர்த்து எடுப்பீர்களா என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டரை எதிர்த்துப் பேசலாமா என்று மாமியார் கோபப்படுகிறார். நான் கேட்டது தப்பா?

ஜிஹெச் டாக்டர்:
கேட்டது தப்பில்லை. ஆனால் "ஆபரேஷன் எல்லாம் பணம் பிடுங்கத்தான்" என்று இங்கே யாராவது சொல்வார்கள், அதை நம்பிவிடாதீர்கள். அப்படி நம்பித் தள்ளிப்போட்டு, கடைசியில் ஸ்ட்ரெச்சரில் வந்து ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களை நான் பார்க்கிறேன். கட்டி இருப்பதால் ரத்தப்போக்குக்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்டவும் முடியாது. கர்ப்பப்பையின் உள்வரியில் புற்றுநோய் வந்தாலும் இதே அறிகுறிதான். டாக்டரை மாற்றிக்கொண்டே போனால் அதைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். ஓரளவு நம்பிக்கை வைத்துத்தான் ஆகவேண்டும்.

வேணி:
டாக்டர், புற்றுநோய் சந்தேகம் இருந்தால் முதலில் உள்வரியிலிருந்து சதை எடுத்து பயாப்சி பார்க்க வேண்டும், இல்லையா? அதைப் பற்றி மேகலாவிடம் யாரும் பேசியதாகத் தெரியவில்லை. நேராக வெள்ளிக்கிழமைக்குப் போய்விட்டார்கள். என் கோபம் அங்கேதான்.

சமிரா கோலி வழக்கை எல்லாப் பெண்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1995-இல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் வயிற்றில் சின்னத் துளை போட்டு கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குப் போனார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் உறுப்பை எடுப்பதற்குச் செல்லாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அம்மா கொடுத்த சம்மதமும் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மேகலா, சினைப்பையைப் பற்றி நீங்கள் கேட்க நினைத்தது மிக முக்கியமான கேள்வி. 42 வயதில் இரண்டையும் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும் காலம் ஒரே நாளில் வந்துவிடும். எலும்பு தேயும், இதய நோய்க்கான ஆபத்தும் கூடும்.

ஜிஹெச் டாக்டர்:
அதே தீர்ப்பை முழுசாகச் சொல்லுங்கள். அரிதாக வரக்கூடிய ஒவ்வொரு ஆபத்தையும் விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை, போதுமான தகவல் தந்தால் போதும் என்றும் அதில்தான் இருக்கிறது. இழப்பீடு 25,000 ரூபாய், டாக்டருக்குக் கட்டணம் கிடையாது, அவ்வளவுதான். காலையில் வரிசை வாசல்வரை நிற்கும் ஓ.பி.யில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். அதில் வகுப்பு எடுக்க முடியாது.

வேணி:
போதுமான தகவலில் மாற்றுச் சிகிச்சையும் சேர்த்தி என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. ரத்தம் போகும் நாட்களில் போடும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், கட்டியை மட்டும் எடுக்கும் மயோமெக்டமி. மூன்றின் பெயரைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? நேரமில்லை என்பது உண்மைதான். அதற்காக எரிந்து விழ வேண்டுமா?

தேவையில்லாத கர்ப்பப்பை அறுவைகள் நடக்கின்றன என்பதும் கட்டுக்கதை இல்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களுக்கு நடந்தது 2019-இல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. இவற்றைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதல்களை மாநிலங்கள் 3 மாதத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது.

சம்சுதீன்:
ஆண் பிள்ளையாக ஒன்று சொல்கிறேன். என் மனைவிக்கு ஆபரேஷன் என்றபோது டாக்டர் பேசியதெல்லாம் என்னிடம்தான். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேகலா அக்கா, துணைக்கு யாரையாவது கூட்டிப்போங்கள், ஆனால் நீங்களே பேசுங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும், மருத்துவக் கவுன்சிலின் 2002 விதியில் இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஜிஹெச் டாக்டர்:
இரண்டாவது கருத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, நல்ல இடத்தில், சீக்கிரம் கேளுங்கள். எல்லாக் கட்டிக்கும் மாத்திரை கேட்காது. கட்டி உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் ஹார்மோன் சாதனமும் நிற்காமல் வெளியே வந்துவிடலாம். நாளைக்கே இரும்புச்சத்து மாத்திரையை ஆரம்பியுங்கள். எதை முடிவு செய்தாலும் ஹீமோகுளோபின் 8-ஐ வைத்துக்கொண்டு தள்ளிப்போடாதீர்கள்.

வேணி:
இதை மேகலா உட்கார்ந்திருந்த அந்த அறையிலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும் டாக்டர்.

மேகலா:
எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை அட்மிஷனை வேண்டாம் என்று போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். ஃபைலைக் கேட்டு எழுதிக் கொடுக்கப்போகிறேன். அப்புறம் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையில் காட்டலாம் என்றிருக்கிறேன். அங்கே பயாப்சிக்கு அட்மிட் ஆக வேண்டுமா, அன்றைக்கே திரும்பிவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.